ஆட்சியாண்டும் செம்பெயர்ச்சியும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவர் வயது விஷயத்தில் கறாரானது. அதிலுள்ள கல்வெட்டின்படி, ஊர்ச் சபையின் வாரியம் என்ற குழுவுக்கு ஓலையில் பெயர் எழுதப்படுகிறவருக்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 70ஐத் தாண்டியிருக்கக் கூடாது. அதற்கு இரண்டாண்டு முன்பு அதே சபை வெட்டிவைத்த விதியில் இந்த வரம்பு 30 முதல் 60 வரை. குடும்பு எனப்படும் முப்பது ஊர்ப்பிரிவுகள், ஓலை, குடம், குடத்துக்குள் கைவிட்டு எடுக்கும் சிறுவன், கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுக்காரர்களுக்கும் தடை என்று எதையும் விடாமல் சொல்லும் அந்தச் சுவர், தன் வயதைப் பற்றி மட்டும் சிக்கனமாகப் பேசுகிறது. மதுரை கொண்ட பரகேசரிவர்மனின் 14ஆம் ஆட்சியாண்டு, 16ஆம் நாள். அவ்வளவுதான். பள்ளிப் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்த கி.பி. 919, 921 என்ற எண்கள் அந்தச் சுவரின் எந்த மூலையிலும் இல்லை.

வானத்திலிருந்து வரும் ஒளியும் இதே ரகம்தான். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்டுபிடித்த ஒரு விண்மீன் திரளைப் பற்றி 2024இல் செய்திகள் வந்தன. பெயர் ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0. அதன் ஒளி ஏறத்தாழ 1350 கோடி ஆண்டுகள் பயணம் செய்து நம்மை அடைந்தது என்றார்கள். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் 1350 கோடி என்று எங்கும் எழுதியிருக்காது. இருந்தது வேறோர் எண். ஹைட்ரஜன் வாயு புற ஊதாவில், 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில் போடும் வெட்டு, இந்த ஒளியில் ஏறத்தாழ 1850 நானோமீட்டரில், அகச்சிவப்பில் போய் நின்றது. புறப்பட்டபோது இருந்ததைப் போல் 15 மடங்குக்குச் சற்று மேல் அலை நீண்டிருக்கிறது. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது செம்பெயர்ச்சி, 14க்குச் சற்று மேல். ஒளி தன்னோடு கொண்டுவந்தது இந்த விகிதம் ஒன்றைத்தான்.

செம்பெயர்ச்சி பேரண்டத்தின் வயதைச் சொல்கிறது என்று பாடநூல்களும் யூடியூப் காணொளிகளும் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அது வயதைச் சொல்வதில்லை. ஆட்சியாண்டு வெறும் எண்ணிக்கை; செம்பெயர்ச்சி வெறும் விகிதம். இரண்டையும் ஆண்டுக்கணக்காக மாற்ற வேண்டுமானால் வெளியிலிருந்து ஒரு முளை கொண்டுவந்து அடிக்க வேண்டும். வயது என்று நாம் சொல்வதன் உறுதி முழுக்க அந்த முளையின் உறுதிதான்.

உத்திரமேரூருக்கான முளை உத்திரமேரூரில் இல்லை. தெற்கே, பெண்ணையாற்றுப் பக்கம் கிராமம் என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள சிவன் கோயில் கல்வெட்டு, உத்திரமேரூர்ச் சுவர் மதுரை கொண்ட பரகேசரிவர்மன் என்று சொல்லும் சோழ மன்னன் பராந்தகனின் 36ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதை வெட்டுவித்தவர் ஆட்சியாண்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கலியுகம் 4044ஆம் ஆண்டு என்றார். அதோடும் விடாமல் கலியுகம் தொடங்கி எத்தனையாவது நாள் என்பதையும் சேர்த்தார்: 14,77,037. இப்படி நாள் எண்ணிக்கையே கிடைத்துவிட்டால் மீதி வெறும் கூட்டல் கழித்தல்தான். அந்த நாள் கி.பி. 943 ஜனவரி 14, சனிக்கிழமை. அன்று 36ஆம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது என்றால், பராந்தகன் பட்டத்துக்கு வந்தது 907 ஜனவரி நடுவிலிருந்து அடுத்த ஓராண்டுக்குள். மற்றக் கல்வெட்டுகளில் கிடைத்த கிழமை, நட்சத்திரக் குறிப்புகளைக் கணக்கிட்டு, ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் அந்த இடைவெளியை 907இன் முதல் ஏழு மாதங்களுக்குள் சுருக்கினார்.

அதற்குப் பிறகுதான் உத்திரமேரூரின் 12ஆம் ஆண்டுக்கும் 14ஆம் ஆண்டுக்கும் நாள்காட்டியில் இடம் கிடைத்தது. 12ஆம் ஆண்டு 918–19இல் விழும், 14ஆம் ஆண்டு 920–21இல். 1904–05ஆம் ஆண்டுக்கான தொல்லியல் துறை அறிக்கையில் கல்வெட்டறிஞர் வெங்கையா இந்த இரு கல்வெட்டுகளையும் விரிவாக விளக்கி எழுதினார். 919, 921 என்பவை பிறகு புத்தகங்களில் ஊறிப்போயின. ஓராண்டு முன்பின் இருக்கலாம் என்பதை யாரும் பாடத்தில் சொல்வதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளில் ஓராண்டு பிழை என்றால், சொல்லியே இருக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி ஒளியின் பக்கம் வருவோம். பேரண்டத்தின் ஆட்சியாண்டுகளை முதலில் படியெடுத்தவர் அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரிலிருந்த வெஸ்டோ ஸ்லிஃபர். 1912இல் ஆந்திரமேடா திரளின் நிறமாலையை எடுத்தார். அது நொடிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதாவது நீலத்தின் பக்கம் பெயர்ந்திருந்தது. ஆனால் அடுத்தடுத்து எடுத்த பெரும்பாலான திரள்கள் சிவப்பின் பக்கம் போயின. ஸ்லிஃபரிடம் எண்கள் இருந்தன, முளை இல்லை. அந்தத் திரள்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அப்போது யாருக்கும் தெரியாது.

முளை கிடைத்தது ஹென்ரியேட்டா லெவிட் மூலம். ஹார்வர்டு வான் ஆய்வகத்தில் ஒளிப்படத் தட்டுகளைப் பார்த்துக் கணக்கெடுக்கும் வேலை அவருக்கு. செபீட் என்ற வகை விண்மீன்கள் ஓர் ஒழுங்கில் மங்கிப் பிரகாசிக்கும். எவ்வளவு மெதுவாகத் துடிக்கிறதோ அவ்வளவு பிரகாசமான விண்மீன் என்பதை 1912இல் அவர் காட்டினார். துடிப்பை அளந்தால் உண்மைப் பிரகாசம் தெரியும். கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு அதை ஒப்பிட்டால் தூரம் தெரியும். வானியலாளர் எட்வின் ஹபிள் அந்தத் தூரங்களையும் பெரும்பாலும் ஸ்லிஃபர் எடுத்திருந்த பெயர்ச்சிகளையும் ஒரே வரைபடத்தில் வைத்து 1929இல் வெளியிட்டார். பெல்ஜியப் பாதிரியார் ஜார்ஜ் லெமைத்ர் 1927இலேயே, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து புறப்பட்டு, இதே உறவைச் சொல்லியிருந்தார், கவனித்தவர்கள் குறைவு. தூரம் இரட்டித்தால் பெயர்ச்சியும் இரட்டிக்கிறது. திரள்கள் வெற்றிடத்துக்குள் ஓடுவதாக இதை நினைத்துக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் நீள்வது இடமே. இடம் நீளும்போது அதன் வழியே வரும் அலையும் சேர்ந்து நீள்கிறது. செம்பெயர்ச்சி 1 என்றால், அந்த ஒளி புறப்பட்டபோது திரள்களுக்கு இடையிலான தூரங்கள் இன்றைக்கு இருப்பதில் பாதி. ஜேட்ஸ் திரளின் ஒளி புறப்பட்டபோது பதினைந்தில் ஒரு பங்கு.

ஹபிளுக்கு வந்த விகிதம், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கும் நொடிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இதைத் திருப்பிப் போட்டால், எல்லாம் ஒன்றாக இருந்த காலம் சுமார் 200 கோடி ஆண்டுக்கு முன் என்று வரும்.

வந்த விடை ஒரு பெரிய சங்கடம். உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் போகிறவர்கள் பல்லாவரத்தில் கல் உடைத்த குன்றுகளைப் பார்த்திருப்பார்கள்.     கதிரியக்கக் கடிகாரத்தை வைத்துப் பின்னாளில் அளந்தபோது இந்தப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு என்று வந்தது. ஹபிளின் பேரண்டத்தைவிடப் பல்லாவரத்துக் குன்று மூத்தது! பல்லாவரத்தை அப்போது யாரும் அளந்திருக்கவில்லை என்றாலும், புவியியலாளர் ஆர்தர் ஹோம்ஸ் போன்றவர்கள் பூமியின் வயதை 160 முதல் 300 கோடி ஆண்டு என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பிள்ளை தாயைவிட மூத்ததாக இருக்கும் இந்தக் கணக்கோடு வானியலாளர்கள் இருபது ஆண்டுக்கு மேல் குடித்தனம் நடத்தினார்கள்.

1952இல் வானியலாளர் வால்டர் பாடே சொன்ன திருத்தம் இந்த ஒப்பீட்டின் மையம். செபீட்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று மற்றதைவிட நன்றாகப் பிரகாசமானது. அதுவரை இரண்டையும் ஒன்றாகக் கலந்து கணக்கிட்டிருந்தார்கள். பிரித்ததும் தூரங்கள் இரட்டித்தன, வயதும் இரட்டித்தது. 1958இல் ஆலன் சாண்டேஜ் மேலும் பல பிழைகளைக் களைந்து விகிதத்தை 75 அளவுக்கு இறக்கினார். இத்தனைக்கும் நடுவில் ஸ்லிஃபர் எடுத்த பெயர்ச்சிகளில் ஒன்றும் மாறவில்லை. பிழை ஒளியில் இல்லை, முளையில் இருந்தது. உத்திரமேரூர்ச் சுவரை இன்னும் நூறு முறை மைப்படி எடுத்தாலும் பதினான்கு பதினான்காகவே வரும். 907 தவறென்று நாளை யாராவது நிறுவினால் நகரப்போவது 921 மட்டும்.

முளைக்கு முன்னாலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. பரகேசரி என்பது ஒருவர் பெயர் அல்ல. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிச் சூடிக்கொண்ட பட்டம். விசயாலயனும் பரகேசரி, முதலாம் இராசேந்திரனும் பரகேசரி. மதுரை கொண்ட என்ற அடைமொழி சேர்ந்த பிறகே பராந்தகன் பிடிபடுகிறான். அந்த அடைமொழியும் தனியாக நம்பத்தக்கதல்ல, மதுரை கொண்ட இராசகேசரி என்றும் கல்வெட்டுகள் உண்டு. பட்டமும் அடைமொழியும் சேர்ந்து நின்றால்தான் ஆள் உறுதி.

ஒளியும் ஒரே காரணத்தால் சிவப்புப் பக்கம் நகர்வதில்லை. இதற்கு நல்ல சாட்சி நம் கொடைக்கானல். அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியக் கரும்புள்ளிகளின் நிறமாலையில் கோடுகள் இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதன் விளைவு அது. இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. அதோடு, சூரிய ஒளிக்கோடுகள் மொத்தமாகவே சிவப்பின் பக்கம் மயிரிழை நகர்ந்திருப்பதை அவர் சக ஆய்வாளர் ராய்ட்ஸுடன் சேர்ந்து அளந்துவந்தார். சூரியனின் ஈர்ப்பிலிருந்து தப்பி வரும் ஒளி சற்றுச் சிவக்கும் என்று ஐன்ஸ்டைன் சொல்லியிருந்தார். அது நொடிக்கு அறுநூற்றுச் சொச்சம் மீட்டர் வேகத்துக்குச் சமமான, மிகச் சிறிய பெயர்ச்சி. எவர்ஷெட் அவசரப்பட்டு ஏற்கவில்லை. பூமிதான் சூரிய வாயுவை எதிர்ப்பக்கம் தள்ளுகிறதோ என்றுகூடச் சந்தேகித்து, சூரியனின் மறுபக்கத்து ஒளியை வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் ஆராய்ந்தார். கடைசியில் ஐன்ஸ்டைன் சொன்ன காரணமும் அதில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆக, பொருள் நகர்வதால் ஒரு சிவப்பு, ஈர்ப்பால் ஒரு சிவப்பு, இடம் விரிவதால் ஒரு சிவப்பு. மூன்றும் நிறமாலையில் ஒரே மாதிரிதான் தெரியும். பட்டம் ஒன்று, மன்னர் பலர்.

மூன்றாவதை எப்படி அடையாளம் காண்பது? வானியலாளர் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி 1929இல் ஒரு மாற்று விளக்கம் வைத்தார்: இடம் விரியவில்லை, நெடுந்தூரம் வரும் ஒளி வழியில் ஆற்றலை இழந்து சிவக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒளி மட்டும் களைத்துப்போயிருந்தால் கடிகாரம் களைக்காது. முதலாம்-ஏ வகை விண்மீன் வெடிப்புகள் சில வாரங்களில் ஏறி இறங்கும். செம்பெயர்ச்சி 1 உள்ள வெடிப்பு அதே ஏற்ற இறக்கத்துக்கு இரு மடங்கு நாள் எடுத்துக்கொள்வதை வானியலாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அலை எத்தனை மடங்கு நீண்டதோ நிகழ்ச்சியும் அத்தனை மடங்கு நீள்கிறது. இடம் விரிந்தால்தான் இரண்டும் ஒருசேர நடக்கும். பரகேசரிக்குப் பக்கத்தில் மதுரை கொண்ட என்று இருப்பது போன்ற இரண்டாவது அடையாளம் இது.

இங்கே ஒரு கேள்வி எழும்: எல்லாம் விரிகிறது என்றால் கோயில் சுவரும் விரிகிறதா? இல்லை. கல்லை மின்விசைகள் பிடித்திருக்கின்றன, ஊரைப் பூமியின் ஈர்ப்பு பிடித்திருக்கிறது, ஆந்திரமேடாவையும் நம் பால்வீதியையும் பரஸ்பர ஈர்ப்பு பிடித்திருக்கிறது. அதனால்தான் ஆந்திரமேடா விலகாமல் நெருங்கி வருகிறது. விரிவது திரள் கூட்டங்களுக்கு இடையிலான பெருவெளி.

இதுவரை இரண்டும் கைகோத்து வந்தன. பிரியும் இடம் பூச்சியம். ஆட்சியாண்டின் பூச்சியம் பட்டாபிஷேக நாள். அங்கிருந்து முன்னோக்கி எண்ணுகிறோம். செம்பெயர்ச்சியின் பூச்சியம் இன்று. நம் கருவியில் ஒளி விழும் இந்தக் கணத்துக்கு எதிராகவே எத்தனை மடங்கு என்று சொல்கிறோம். பேரண்டத்தின் பட்டாபிஷேகம் அந்த எண்ணில் எங்குமே தென்படாது. செம்பெயர்ச்சி முடிவிலியை நோக்கிப் போகும் திசையில் அது ஒளிந்திருக்கிறது. சுவரிலுள்ள 14 என்றென்றைக்கும் 14. ஜேட்ஸ் திரளின் பெயர்ச்சியோ, இன்னும் பல கோடி ஆண்டு கழித்து அளந்தால் வேறு எண்ணாக இருக்கும்.

அதைவிடப் பெரிய வேறுபாடு, மன்னனின் ஆண்டுகள் எல்லாம் ஒரே நீளம். செம்பெயர்ச்சியின் படிகள் அப்படியல்ல. இன்றைக்கு ஏற்கப்பட்ட கணக்குப்படி, செம்பெயர்ச்சி 1 என்றால் ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 790 கோடி ஆண்டு. 2 என்றால் 1580 கோடி இல்லை, 1050 கோடிதான். 14க்குப் போனால் 1350 கோடி. கடைசி 12 படிகளுக்கும் சேர்த்து 300 கோடி ஆண்டுதான் ஒதுக்கீடு. விண்வெளியெங்கும் எஞ்சியிருக்கும் நுண்ணலைப் பின்னணியின் செம்பெயர்ச்சி ஏறத்தாழ 1090. அது புறப்பட்டபோது பேரண்டத்துக்கு வயது 3,80,000 ஆண்டு. எந்தப் படி எவ்வளவு நீளம் என்பதைப் பேரண்டத்தில் உள்ள பொருளின் அளவு தீர்மானிக்கிறது. தொடக்கத்தில் ஈர்ப்பு விரிவை இழுத்துப் பிடித்தது. பிறகு கரும் ஆற்றல் என்று பெயரிட்டிருக்கும் ஏதோ ஒன்று அதைத் தள்ளிவிடத் தொடங்கியது. விரிவு வேகம் கூடிக்கொண்டு போகிறது என்பது 1998இல் தொலைதூர வெடிப்புகளிலிருந்து தெரிந்தது. அதற்காகப் பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011இல் நோபல் பரிசு. ஆகவே ஒரு விகிதத்தை வயதாக்க இரண்டு வேண்டும்: இன்றைய விரிவு வேகம் என்ற முளை, இடைக்காலத்தில் விரிவு எப்படி நடந்தது என்ற வரலாறு. கல்வெட்டுக்காரர்களுக்கு முதலாவது போதும்.

அந்த முளையிலேயே இப்போது தகராறு. பிளாங்க் செயற்கைக்கோள் நுண்ணலைப் பின்னணியை அளந்து, 2018இல் கொடுத்த முடிவுகளில் விரிவு வேகம், ஹபிளின் அதே அலகில், 67.4, வயது 1380 கோடி. ஆடம் ரீஸ் குழு லெவிட்டின் அதே செபீட்களிலிருந்து படிப்படியாக ஏறி 2022இல் சொன்னது 73. இருவரும் தம் பிழை வரம்பு ஒன்றை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் என்கிறார்கள். இடைவெளி ஐந்துக்கு மேல். இடைக்கால வரலாறு மாறவில்லை என்று வைத்துக்கொண்டு 73ஐப் போட்டால் வயது 1300 கோடிக்குச் சற்றுக் கீழே இறங்கும். வெண்டி ஃப்ரீட்மன் குழு வேறு வகை விண்மீன்களையும் சேர்த்துக்கொண்டு 70ஐ ஒட்டி நிற்கிறது. இதைப் பெருவெடிப்புக் கொள்கை ஆட்டம் கண்டுவிட்டது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படியானால் பல்லவ மன்னன் கம்பவர்மனின் காலம் பற்றி அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள் என்பதற்காகப் பல்லவர்களே இருந்ததில்லை என்று சொல்ல வேண்டிவரும்.

கம்பவர்மன் உத்திரமேரூருக்கு வேண்டியவன். ஊரில் அவன் பெயரில் கல்வெட்டுகள் இருக்கின்றன. தந்திவர்மன், நிருபதுங்கன் கல்வெட்டுகளும் உண்டு. கம்பவர்மனுடையவற்றில் ஆட்சியாண்டு தெளிவாக இருக்கிறது. ஆனால் பல்லவர் வரிசையில் அவனை எங்கே வைப்பது, யாரோடு யாராக ஆண்டான் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. எழுத்தின் வடிவத்தை வைத்தும், உடன் வரும் பெயர்களை வைத்தும் ஆளுக்கொரு காலம் சொல்கிறார்கள். ஒரே ஊரில் பராந்தகனுக்கு ஓராண்டுத் துல்லியம், கம்பவர்மனுக்குப் பல ஆண்டுத் தள்ளாட்டம். இருவரின் கல்வெட்டிலும் எண் ஒரே தெளிவுதான். ஒருவனுக்குக் கிராமத்துக் கல் இருக்கிறது.

கிராமத்துக் கல்லின் பெருமை, ஆட்சியாண்டும் கலி நாளும் ஒரே கல்லில் சேர்ந்து கிடைத்தது. பேரண்டத்துக்கு அப்படி ஒரு கல் 2017 ஆகஸ்ட் 17 அன்று கிடைத்தது. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றான அதிர்வு, ஈர்ப்பலையாக அமெரிக்காவின் லைகோ, இத்தாலியின் விர்கோ கருவிகளில் பதிந்தது. அலையின் வடிவமே மோதல் எவ்வளவு வலுவானது என்று சொல்லிவிடுவதால், பதிந்த வீச்சிலிருந்து தூரம் நேரே கிடைக்கும். செபீட் வேண்டாம், இடையில் ஏணி வேண்டாம். ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு. சில மணி நேரத்தில் தொலைநோக்கிகள் அந்த வெளிச்சத்தை என்ஜிசி 4993 என்ற திரளில் கண்டுபிடித்தன. அதன் செம்பெயர்ச்சி ஏறத்தாழ 0.01. தூரமும் பெயர்ச்சியும் ஒரே நிகழ்ச்சியிலிருந்து. கணக்கிட்டால் விரிவு வேகம் 70 வந்தது. ஆனால் ஒரே கல் என்பதால் பிழை வரம்பு மேலே 12, கீழே 8. அதாவது 67ம் சரி, 73ம் சரி.

இப்படிப்பட்ட மோதல்கள் இன்னும் சில பத்து, திரளோடு சேர்த்து அடையாளம் காணப்பட்டால் வழக்கு தீரும் என்பது கணிப்பு. வானில் மோதல் எந்தத் திசையில் நடந்தது என்று குறுக்கிப் பிடிக்க, கருவிகள் பூமியில் ஒன்றுக்கொன்று நெடுந்தூரத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது லைகோ கருவிக்கு மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அவுந்தா பக்கம் இடம் எடுத்திருக்கிறார்கள். மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் கொடுத்தது, மதிப்பீடு 2600 கோடி ரூபாய்.